வெல்டரும் கொம்புக் குருத்தும்

பட்டறையை விட்டு வந்து ஆறு வருடமாகியும் அவரை எல்லாரும் வெல்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பால் எடுக்க வருகிறவர், பக்கத்துப் பண்ணைக்காரர்கள், மருந்துக் கடைக்காரர், ஏன், அவருடைய மனைவியே வெளியாட்களிடம் பேசும்போது "வெல்டர் குளிச்சிட்டிருக்கார், உட்காருங்க" என்பார். அவருக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது. மாட்டுக் கொட்டகையின் கதவு, தீவனத் தொட்டியின் கால், தண்ணீர்க் குழாயின் தாங்கி என்று அந்த ஒன்றரை ஏக்கரில் இரும்பாக இருந்ததெல்லாம் அவர் கைவேலை. எதுவும் ஆடாது, எதுவும் கிரீச்சிடாது.

இருபத்திரண்டு வருடம் ஒரே பட்டறையில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் பற்றவைத்தவர். புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. பத்துப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அந்தப் புகை பக்கமே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொன்ன பிறகு, தையல் ஆலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவியும் வேலையை விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. இருவரும் நகரத்துக்கு வெளியே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு பசு, ஒன்பது ஆடு. கறவையும் தீவனமும் மனைவி பொறுப்பு. வேலி, குழாய், கட்டடம், சாணி வெல்டர் பொறுப்பு. மாடுகளைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் மறைத்ததே இல்லை. "அதுங்களுக்கு அவதான் முதலாளி. நான் கேட் கீப்பர்" என்பார்.

அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை பொட்டுப் பொட்டாகத் தீப்பொறித் தழும்பு. சூடுபட்டால் கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்கிற ஆள். ஆனால் ஊசி என்று சொல்லிவிட்டால் கதையே வேறு. ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கப் போனவர், ஊசிக்குப் பயந்து வெளி பெஞ்சிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் சாய்ந்து, பல் பிடுங்கும் இடுக்கியைப் பார்த்ததும், "டாக்டர், எதுக்கும் இன்னொரு ஊசி போட்டுடுங்க" என்று அவரே கேட்டார். இந்தக் கதையை மனைவி யாருக்குச் சொல்லாமல் விட்டார் என்று விசாரித்தால் ஒருவரும் தேற மாட்டார்கள்.

வாங்கி வந்த பசுக்களில் ஒன்றுக்கு முன்பக்கம் வளைந்த நீளமான கொம்பு. சாதுவான மாடு. ஒரு காலையில் மனைவி அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது, காதில் ஈ கடித்து மாடு தலையை ஒரு வெட்டு வெட்டியது. கொம்பு நுனி அவருடைய இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. பால்காரர் தன் வண்டியில் இருந்த கேன்களை இறக்கி வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐந்து தையல்.

"ஒரு விரல் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார் நர்ஸ்.

"அது வேணும்னு பண்ணல. நான் குறுக்க நின்னேன்" என்றார் மனைவி.

 வீடு திரும்பியதும் வெல்டர் நேராகக் கொட்டகைக்குப் போய் நின்றார். அங்கே இரண்டு கன்றுக்குட்டிகள் இருந்தன, ஒன்றுக்குப் பத்து நாள், இன்னொன்றுக்கு மூன்று வாரம். நெற்றி மயிரை விலக்கித் தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் பட்டாணி போல இரண்டு முண்டு. கொம்புக் குருத்து. இந்த வயதிலேயே அதைச் சுற்றிச் சுட்டுவிட்டால் அப்புறம் கொம்பே வராது என்று பால்காரர் முன்பொருமுறை சொல்லியிருந்தார்.

இரும்பு, நெருப்பு. இரண்டும் அவருக்குத் தெரிந்த சமாச்சாரம். ஒரு கம்பியின் நுனியில் குழாய்த் துண்டை வளையம்போலப் பற்றவைத்து, மறுமுனையில் மரப்பிடி போட்டார். ஆறே நிமிஷ வேலை, புகைக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்தார். பால்காரர் கன்றைத் தூணோடு சேர்த்துக் கட்டிக் கழுத்தை அணைத்துப் பிடித்தார். கேஸ் அடுப்பில் வளையம் சிவந்ததும் வெல்டர் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து என்று எண்ணி அழுத்தினார்.

அந்தக் கன்று கத்திய கத்தலை எழுதிக் காட்ட முடியாது. சமையலறையிலிருந்து மனைவி வாசல் வரை வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் இரண்டு கன்றுகளும் முடிகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது வெல்டர் சமாதானம் சொன்னார். "ரெண்டு நாள் எரியும், அப்புறம் ஆறிடும். எனக்கு எத்தனை தடவை சுட்டிருக்கு."

"சுட்டா நீங்க கையை இழுத்துக்கலாம். அதைக் கட்டிப்போட்டிருந்தீங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

ஆனால் வேலை பலித்துவிட்டது. இரண்டு மாதமாகியும் அந்தக் கன்றுகளின் நெற்றி வழவழப்பாகவே இருந்தது. பால்காரர் போகிற இடமெல்லாம் இதைச் சொன்னார். வெல்டருக்குக் கைராசி என்று பேச்சுப் பரவியது. நாலு மாதத்தில் ஐந்து பண்ணைகளிலிருந்து கூப்பிட்டார்கள். மொபெட்டின் பின்னால் சூட்டுக்கோலைக் கட்டிக்கொண்டு போய்ச் சுட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். மாடு கன்று சம்பந்தமாக யாராவது தன்னைத் தேடி வருவது அவருக்குப் புதுசு. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. "என்ன, உங்களுக்கு ரெண்டு கொம்பு முளைச்ச மாதிரி நடக்கறீங்க" என்று மனைவி கிண்டல் செய்யும் அளவுக்கு.

அந்த வருடக் குளிர் விட்டபோது ஆடு ஒன்று மூன்று குட்டி போட்டது. ஆறாம் நாள் வெல்டர் அடுப்பைப் பற்றவைத்தார். அதே கோல், அதே எண்ணிக்கை. முதல் குட்டி வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. அது கத்தியது, பிறகு பாதியில் கத்தலை நிறுத்திவிட்டது. பொறுத்துக்கொண்டது என்று அவர் நினைத்தார். இரண்டாவது துள்ளித் துள்ளி விலகியதால் எண்ணிக்கை எட்டிலேயே கோலை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. அவர் மூட்டையை நகர்த்துவதற்குள் மனைவி வந்து குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்."

"இது ஒண்ணுதான் பாக்கி."

"போதும்னு சொன்னேன்."

அன்று சாயங்காலம் வெள்ளைக்குட்டி பால் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் அது கொட்டகை மூலையில் சுவரில் நெற்றியை முட்டக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றது. திருப்பி நிறுத்தினால் தள்ளாடி ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சுவரிடம் போயிற்று. தாய் ஆடு பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குட்டி திரும்பவில்லை. மனைவி கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

டாக்டரம்மா ஐம்பதை நெருங்கும் பெண். பேச்சு குறைவு. குட்டியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நெற்றியில் கருகிய வளையத்தை விரல்நுனியால் தொட்டார். இரண்டு மருந்து ஏற்றினார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"பதினஞ்சு எண்ணினேன், டாக்டரம்மா. கன்னுக்குட்டிக்கு வைக்கிற மாதிரிதான்."

"கன்னுக்கு மண்டை ஓடு கனம். ஆட்டுக்குட்டிக்கு இந்த வயசுல அட்டை மாதிரி இருக்கும். சூடு உள்ளே இறங்கி மூளையைத் தொட்டிருக்கு."

வெல்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகடு எவ்வளவு கனம் என்று பார்க்காமல் அவர் ஒருநாளும் தீயை வைத்ததில்லை. மெல்லிய தகட்டில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழுந்துவிடும் என்று பட்டறையில் புதிதாகச் சேர்ந்த எத்தனை பேரைத் திட்டியிருப்பார். இங்கே அவருக்கு அது தோன்றவே இல்லை.

"பிழைக்குமா?"

"கஷ்டம். வலி தெரியாம வச்சிருக்கப் பார்ப்போம்." பையை மூடிக்கொண்டே கேட்டார். "மரத்துப்போற ஊசி யாரு போட்டா?"

"ஊசியா?"

"ஊசி போடாமலா சுட்டீங்க? கன்னுக்கும்?"

அதற்கு மனைவிதான் சொன்னார். "ஒரு பல்லுக்கு ரெண்டு ஊசி கேட்டு வாங்கின மனுஷன், டாக்டரம்மா." அதை அவர் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

குட்டி மறுநாள் மதியம் செத்துப்போயிற்று. வெல்டரே வேலியோரம் குழி தோண்டினார். மூச்சு வாங்கியது. மனைவி மண்வெட்டியை வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. எட்டு எண்ணிக்கையோடு தப்பித்த இரண்டாவது குட்டி ஒரு வாரம் சோர்ந்து கிடந்து, பிறகு எழுந்து ஓட ஆரம்பித்தது.

குட்டியைப் புதைத்த மறுநாளே அவர் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "அஞ்சு இடத்துல சுட்டிருக்கேன். போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

சொல்வது லேசாக இருக்கவில்லை. முதல் பண்ணைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டாவது இடத்தில் சிரித்துவிட்டார்கள். "என்ன வெல்டர், கன்னுக்குட்டி கேஸ் போட்டிருக்கா?" மூன்றாவது இடத்து ஆள் கோபக்காரர். அவருடைய கன்றுக்கு ஒரு பக்கம் குருத்து சரியாகக் கருகாமல், கோணலாக ஒரு கட்டைக் கொம்பு கிளம்பிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அரை மணி நேரம் வைதார். வெல்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார், டாக்டரம்மாவின் போன் நம்பரைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு வந்தார். நாலாவது வீடு பூட்டியிருந்தது. மறுநாளும் போய்ப் பார்த்துச் சொன்னார்.

கடைசியாக முட்டை விற்கிற அம்மா வீடு. கணவர் வெளியூரில் வேலை பார்க்க, தனியாக ஒரு பசுவும் நாலைந்து ஆடும் வைத்திருந்தார். வெல்டர் சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். உள்ளே அஞ்சு குட்டி இருக்கு."

வெல்டர் எழுந்து உள்ளே போய் எட்டிப் பார்த்தார். ஐந்தும் ஒரு சாக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வரும் வழியில் மொபெட்டை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு மனைவியிடம் சொன்னார். 

சூட்டுக்கோலை அவர் உடைத்துப் போடவில்லை. வெட்டி, கேட்டுக்குக் கொக்கியாக்கிவிட்டார். முதலில் சூடுபட்ட கன்றுகள் இரண்டும் கிடேரிகளாக வளர்ந்திருந்தன, அவை அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தன, தீவனத்தைத் தின்றன. ஆனால் கை நெற்றிப்பக்கம் போனால் தலையை மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்கின. மனைவி கை போட்டால் சொரியக் கொடுத்தன. அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேலையைச் செய்தார்.

அடுத்த முறை குட்டி போட்டபோது கேள்வியை எழுப்பியவர் மனைவிதான். "கொம்போட விட்டுடலாமா?"

"உன் புருவத்தைக் கண்ணாடியில பார்த்தியா?"

"அப்ப டாக்டரம்மாவைக் கூப்பிடறேன்."

டாக்டரம்மா வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல், அவரிடம் இருந்த சூட்டுக்கோல் கன்றுக்கான பெரிய அளவு. குட்டிக்கு வளையம் சின்னதாக வேண்டும். வெல்டர் பழைய பட்டறைத் தெருவுக்குப் போனார். லேத் ஓட்டுகிற நண்பர் செம்புத் துண்டைக் கடைசலில் மாட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"கொம்பு சீவி விடறவனைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். கொம்பே வராம பண்றதுக்கு அலையறவன் நீ ஒருத்தன்தான்டா."

"விளிம்பு கூரா இருக்கக் கூடாது. உருண்டையா இருக்கணும்" என்றார் வெல்டர். மூன்று முறை திருப்பிக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். நண்பர் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

குட்டிகள் இரண்டு. டாக்டரம்மா முதலில் அவற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்தார். ஆட்டுக்குட்டிக்கு மரத்துப்போகும் மருந்து ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து என்றார். நெற்றி மயிரைக் கத்தரித்தார். "யாரு பிடிக்கிறீங்க?" என்று கேட்டபோது மனைவி முன்னால் வந்தார். அவரைத் தாண்டி வெல்டர் வந்து முக்காலியில் உட்கார்ந்து, குட்டியை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் வைத்துத் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டார். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டது குட்டியல்ல, வெல்டர். மனைவி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனி பத்து நிமிஷம் சும்மா இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

சும்மா இருந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து டாக்டரம்மா ஊசி முனையால் குருத்தைச் சுற்றிக் குத்திப் பார்த்தார். குட்டி அசையவில்லை. வெல்டர் குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, காய்ச்சிய கோலை ஒரு பலகையில் வைத்துச் சோதித்தார். கருப்பு வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழுந்தது. டாக்டரம்மா அதை வாங்கிக் குருத்தின்மேல் வைத்தார். மூன்று எண்ணி எடுத்தார். ஆறவிட்டார். மறுபடி மூன்று. குருத்தைச் சுற்றிச் செம்பு நிறத்தில் வளையம் தெரிந்ததும் நிறுத்தி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தார்.

இவ்வளவுக்கும் அந்தக் குட்டி வெல்டரின் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. மயிர் கருகும் நாற்றம் வந்தது, புகை எழுந்தது, குட்டி பித்தானை விடவில்லை. கீழே இறக்கியதும் தாயிடம் ஓடிப் போய் மடியில் முட்டியது.

வெல்டர் கையில் பலகையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கன்னுங்களும் இப்படி நின்னிருக்குமா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "நின்னிருக்கும்."

மனைவி வந்து அவர் தோளில் கை வைத்தார். "ரெண்டாவதைப் பிடிங்க. நேரமாகுது."

அதன் பிறகு டாக்டரம்மா எங்கே கொம்புக் குருத்து சுடப் போனாலும் கூடவே வெல்டரும் போனார். ஊசி அவர் வேலை, பிடிப்பதும் கோலைப் பதமாகக் காய்ச்சுவதும் இவர் வேலை. முட்டைக்கார அம்மாவின் குட்டிகளுக்கும் அப்படித்தான் நடந்தது. கோபக்காரர் வீட்டில் புதிதாகப் பிறந்த கன்றுக்கும் அப்படித்தான். அவர் அப்போதும் வைதார், ஆனால் சுவரிலிருந்த நம்பருக்குப் போன் செய்தது அவரேதான்.

மூன்று வருடம் கழித்து டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரர். வெல்டர் வீட்டுக்கு வந்த அன்று அவர் கையில் ஏழு இடங்களின் பட்டியல் இருந்தது. நாலு குட்டிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

"குட்டி சின்னதுதான். ஊசி வேண்டாம், அப்படியே வச்சிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

வெல்டர் படித்தவர்களை எதிர்த்துப் பேசுகிறவரில்லை. மனைவி வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"அப்படின்னா இன்னிக்கு வேண்டாம் சார். நேரம் இருக்கிற நாள்ல வாங்க. குட்டிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுக்கலாம்."

"இதுல என்னங்க இருக்கு? நிறைய இடத்துல இப்படித்தான் பண்றாங்க."

"நானும் பண்ணியிருக்கேன் சார். ஏழு கன்னு, ரெண்டு குட்டி. குட்டியில ஒண்ணு அந்த வேலியோரம் இருக்கு." குரல் உயரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டார். "இருந்து செய்யறதுன்னா, நான் பிடிச்சுக்கிறேன். நீங்க ஊசி போட்டுட்டு உட்காருங்க. வெயில் ஏறல இன்னும்."

இளைஞர் வேலிப்பக்கம் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். பிறகு பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தார். நாலு குட்டிக்கும் ஊசி போட்டுவிட்டு அவர்கள் காத்திருந்தபோது மனைவி டீ கொண்டுவந்தார். இளைஞருக்கு இரண்டு முறை போன் வந்தது. "வரேன், ஒரு மணி நேரம் ஆகும்" என்று இரண்டு முறையும் சொன்னார். கடைசிக் குட்டியை இறக்கிவிட்டபோது அவர் அதன் நெற்றியைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வெல்டரின் போன் அடித்தது, அந்த இளைஞர்தான்.

"வெல்டர், நாளைக்கு ஒரு இடத்துல ஆறு குட்டி இருக்கு. அவங்க எல்லாரும் பயப்படறாங்க, யாரும் பிடிக்க மாட்டேங்கறாங்க. நீங்க வர முடியுமா?"

"எத்தனை மணிக்கு சார்?"

"எட்டு மணி. கொஞ்சம் நேரம் ஆகும், பரவாயில்லையா?"

"ஆகட்டும்" என்றார் வெல்டர்.